'சாரி' என்றால் மன்னிப்பு மட்டும்தானா?

கேள்வி: அப்பா தவறிய செய்தியைச் சொன்னதும் எங்கள் வெளிநாட்டு மேலாளர் 'ஐ ஆம் சோ சாரி' என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று புரியாமல், 'இட்ஸ் ஓகே, நாட் யுவர் ஃபால்ட்' என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அப்பாவின் மறைவுக்கு முதலில் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். 'தேங்க் யூ' என்றால் போதும். உங்கள் மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை, துக்கம் விசாரித்தார்.

தெரியாமல் யார் காலையாவது மிதித்தால் சொல்கிற சொல்லாகத்தான் நமக்கு இது அறிமுகம். அதனால் வந்த குழப்பம் இது. ஆனால் சொல்லின் வேரில் மன்னிப்பே கிடையாது, வலிதான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் வலி, புண். தொண்டை வலியை 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'சோர்' அதன் இன்றைய வடிவம். 'சாரி'யும் அதே வேரில் முளைத்ததுதான்: மனம் நொந்திருக்கும் நிலை. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ'விலிருந்து இது வந்தது என்று பலரும் நினைப்பதுண்டு. அது வேறு வேர். ஒலியும் பொருளும் நெருங்கி வந்ததால் இரண்டும் உறவுபோலத் தெரிகின்றன.

நோவு என்ற அந்தப் பழைய பொருளிலிருந்துதான் மற்றவை கிளைத்தன. பிறர் இழப்புக்காக நொந்தால் அனுதாபம். நாம் செய்ததை நினைத்து நொந்தால் மன்னிப்பு. பார்க்கவே நோகிற நிலையில் ஒன்று இருந்தால் அது 'சாரி ஸ்டேட்'. ஷேக்ஸ்பியரின் மேக்பெத், கொலை செய்துவிட்டு ரத்தம் தோய்ந்த தன் கைகளைப் பார்த்து 'சாரி சைட்' என்பது இந்தப் பொருளில்தான்.

தமிழில் இதற்கு 'மன்னிக்கவும்' என்பதைவிட 'வருந்துகிறேன்' பொருத்தமாக அமரும். தவறுக்கும் வருந்தலாம், இறப்புக்கும் வருந்தலாம் அல்லவா? இந்த இரட்டைப் பொருளைச் சட்டமே கவனித்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009-இல் வந்த மன்னிப்புச் சட்டப்படி, ஒருவர் 'சாரி' சொன்னதை மட்டும் வைத்து, உரிமையியல் வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள முடியாது.

புழக்கத்தில் கவனிக்க வேண்டியது, கூட வரும் சொல். துக்கச் செய்தி கேட்டால் 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட்'. எழுதுவதானால் 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்'. நம் தவறு என்றால் 'சாரி ஃபார் பீயிங் லேட்' என்பதுபோல் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்தி 'சாரி?' என்று கேட்டால், 'என்ன சொன்னீர்கள்?' என்று பொருள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. துக்கத்தில் இருப்பவரிடம் நேருக்கு நேர் 'ஐ ஃபீல் சாரி ஃபார் யூ' என்று சொல்லாதீர்கள். 'உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது' என்பதுபோல் ஒலித்துவிடும்.

மேலாளரிடம் நடந்ததைச் சரிசெய்ய இப்போதும் நேரம் இருக்கிறது. 'தேங்க் யூ ஃபார் யுவர் கைண்ட் வேர்ட்ஸ்' என்று ஒரு வரி அனுப்புங்கள், அவருக்குப் புரியும்.