ஹைட்ரோலைஸ்டு பால்பொடி என்றால் என்ன? எந்தக் குழந்தைக்குத் தேவை?

பசும்பால் புரதத்தை முன்கூட்டியே நொதிகளால் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் பால்பொடி இது. சாதாரண ஃபார்முலா (குழந்தைகளுக்கான பால்பொடி) குடிக்கும் குழந்தைக்கு மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, பேதி, தோலில் தடிப்பு, எடை ஏறாமை என்றிருந்தால், பசும்பால் புரத ஒவ்வாமையோ என்று மருத்துவர் பார்ப்பார். அப்படியானால் இதை எழுதித் தருவார்.

ஏன் உடைக்க வேண்டும்? குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தை அதன் உருவத்தை வைத்துத்தான் எதிரி என்று அடையாளம் காண்கிறது. ஃபோட்டோவைப் பொடிப்பொடியாகக் கிழித்துவிட்டால் அதில் இருப்பவர் யாரென்று தெரியாது அல்லவா, அதுபோலத்தான். இதுவும் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்கு, புரதத்தின் மிகச் சிறிய அலகுகளான அமினோ அமிலங்களால் ஆன பால்பொடி உண்டு.

கொஞ்சம் கசக்கும், குழந்தை முதலில் முகம் சுளிக்கும். குடல் ஆற 2 முதல் 4 வாரம்கூட ஆகலாம். அதற்குள் நீங்களாகவே டப்பாவை மாற்றிக்கொண்டே இருந்தால் எது ஒத்துக்கொண்டது என்றே தெரியாமல் போய்விடும், தயவுசெய்து வேண்டாம். நிலைமை மோசமானால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், எடை நன்றாக ஏறிச் சிரித்து விளையாடும் குழந்தை லேசாகக் கக்கினால், எதையும் மாற்றத் தேவையில்லை.

லாக்டோஸ் இல்லாத பால்பொடியே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் நீக்கப்படுவது பால் சர்க்கரை மட்டும், ஒவ்வாமை தரும் புரதம் அப்படியே இருக்கும்.