எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு: கேள்வி பதில்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எடைக் குறைப்பு அறுவைப் பிரிவில் பல வருடம் உணவு ஆலோசகராக இருந்தேன். இப்போது காரைக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். ஆபரேஷன் மதுரையிலோ சென்னையிலோ முடிந்துவிடுகிறது. ஊர் வந்து சேர்ந்த பிறகு, நடுராத்திரியில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். சாப்பாடும் சத்தும் என் வேலை. தையல், வலி, மறு ஆபரேஷன் எல்லாம் உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள்.

கானாடுகாத்தான்: ஸ்லீவ் முடிந்து 9 நாள் ஆகிறது அக்கா. அரை டம்ளர் மோர் குடித்தாலே நெஞ்சில் அடைக்கிறது. இரண்டு லிட்டர் குடி என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அழுகையாக வருகிறது.

அழுங்கள் தம்பி, தப்பில்லை. முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் இப்படித்தான். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய், அதுவும் இப்போது உள்ளே வீங்கியிருக்கிறது. அதில் அரை டம்ளர் மோரை ஒரே மூச்சில் ஊற்றினால் எங்கே போகும்?

டம்ளரை ஒரு மாதத்துக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு இருக்கும், இல்லாவிட்டால் இருமல் மருந்து பாட்டிலின் மூடி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி. உதட்டை நனைத்து, வாயில் வைத்து, மெல்ல இறக்குங்கள். காலை 6 மணிக்கு ஆரம்பித்து இரவு 9 வரை இப்படிக் குடித்தால் 1800 மில்லி ஆகிவிடும். நான் பார்த்துக்கொண்ட ஒரு அம்மா திண்ணையில் சங்கையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சங்குக்கும் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவார். சாயந்திரம் அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வந்த தெம்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சிறுநீர் மஞ்சள் அடர்ந்து போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

முதல் இரண்டு வாரம் திரவ உணவு, அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அதற்கடுத்த இரண்டு வாரம் மெத்தென்று வெந்தது என்பது பொதுவான வரிசை. மருத்துவமனை தந்த தாளில் நாள் முன்பின் இருந்தால் அந்தத் தாள் சொல்வதையே கேளுங்கள்.

தேவகோட்டை: எதெதற்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல், விடாத வயிற்று வலி, இடது தோள்பட்டையில் வலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது, மலம் தார் போலக் கறுத்துப் போவது. அப்புறம் விடாத வாந்தி. வாந்தியை மட்டும் நம் ஆட்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். ஒரு நாள் முழுக்க வாந்தி நிற்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

பள்ளத்தூர்: ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். மாமியார் தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருகிறார். அதிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது, பொடியெல்லாம் எதற்கு என்கிறார். புரதப் பொடியை நிறுத்தலாமா ஆச்சி?

நிறுத்தாதீர்கள். உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஆறு வாரத்துக்குள் சாப்பாட்டிலிருந்து மட்டும் அதை எட்டுவது ரொம்பக் கஷ்டம்.

இரவு வைத்த ஆட்டுக்கால் சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் திறந்து பாருங்கள். மேலே வெள்ளையாக ஒரு ஆடை, அது கொழுப்பு. அடியில் அல்வா போல அசைவது ஜெலட்டின், காலின் ஜவ்விலிருந்து இறங்கியது. ஜெலட்டினும் புரதம்தான், ஆனால் குறைப் புரதம். உடம்புக்கு வெளியிலிருந்து கட்டாயம் வர வேண்டிய டிரிப்டோஃபேன் என்கிற புரதக் கூறு அதில் கிடையாது. அதை மட்டும் நம்பினால் தசை கரையும்.

கோட்டையூர்: மன்னிக்கணும் ஆச்சி. என் அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது ஆட்டுக்கால் சூப்தான் எழுப்பி நடக்க வைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கொடுப்பதை ஒரேயடியாகக் குறை என்று சொல்லலாமா?

அண்ணே, சூப்பை நான் குறை சொல்லவில்லை. அப்பத்தா சூப்போடு சோறும் கறியும் முட்டையும் சாப்பிட்டிருப்பார், அவருக்கு வயிறு முழுதாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் உள்ளே போகும். அந்தக் கிண்ணத்தை எதால் நிரப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

கோட்டையூர்: அப்படியென்றால் நாட்டுக்கோழி ரசம்? அதுவும் வேண்டாமா?

ரசம் மட்டும் என்றால் அதே பதில்தான். சத்து சட்டிக்குள் கறியில் கிடக்கிறது, நாம் மேலே தெளிந்ததை ஊற்றிக் கொடுக்கிறோம். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தக் கறியை எலும்பு நீக்கி, மிக்ஸியில் அதே ரசம் விட்டு விழுதாக அடித்துக் கொடுங்கள். மிளகாயைக் குறைத்து, மிளகும் சீரகமும் போதும்.

குன்றக்குடி: நாங்கள் சைவம். பருப்புத் தண்ணீர் போதாதா?

போதாது. தண்ணீரை விட்டுவிட்டுப் பருப்பைச் சாப்பிடுங்கள், குழைய வேகவைத்து மசித்து. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடிந்த பிறகு அந்தக் கெட்டித் தயிர். பனீர் 100 கிராமில் சுமார் 18 கிராம் புரதம். 200 மில்லி பாலில் 6 கிராம், ஒரு முட்டையிலும் அவ்வளவுதான் என்பதால் முட்டை சாப்பிடாததை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பொட்டுக்கடலை மாவை மோரில் கரைத்தும் குடிக்கலாம்.

கோட்டையூர்: சரி ஆச்சி, மாமியார் மனசு நோகுமே, அதற்கு என்ன செய்வது?

இதைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி அண்ணே. சூப்பை அவர்களே வைக்கட்டும். ஆறவைத்து மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பாகச் சூடாக்கி, வாசனை சேர்க்காத புரதப் பொடி ஒரு கரண்டி கலக்கச் சொல்லுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் திரிந்துவிடும். அவர்கள் கையால் கலந்து கொடுத்தால் அது அவர்கள் வைத்தியம்தான். பள்ளத்தூர் தங்கை, இன்று இரவே செய்து பாருங்கள்.

புதுக்கோட்டை: நான்காம் மாதம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எண்ணெய் ஏதாவது சொல்லுங்கள்.

எண்ணெய் இல்லை. மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதம், இரும்பு, துத்தநாகம் குறைந்தால் இன்னும் மோசமாகும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், ஒன்று மற்றதை உள்ளே விடாது. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை. பி12, டி வைட்டமின், கால்சியம், மல்டிவைட்டமின் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

திருப்பத்தூர்: நான்காவது வாரம், எடை ஒரு கிராம் கூட இறங்கவில்லை.

மூன்றாவது வாரத்தையொட்டி நிற்கும், மறுபடி இறங்கும். உடம்பு நீரைப் பிடித்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடை பாருங்கள்.

சிங்கம்புணரி: எனக்கும் 25 நாளில் எடை நின்றுவிட்டது. ஆபரேஷன் தோல்வியா?

தோல்வி இல்லை. திருப்பத்தூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

பொன்னமராவதி: ஒரு வாரமாக எடை குறையவில்லை...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். எடை மெஷினை ஒரு மாதம் பரணில் ஏற்றிவிடுங்கள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மட்டும் தினமும் பாருங்கள்.

காரைக்குடி: எந்த மருத்துவமனை நல்லது? எவ்வளவு ஆகும்?

நான் மருத்துவமனை பேர் சொல்வதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வருடக்கணக்கில் உணவு ஆலோசகரைப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கண்டனூர்: பைபாஸ் ஆகி ஒரு வருடம். மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன்.

நிறுத்துங்கள். வயிற்று பைபாஸில் இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைக்கிறார்கள். இந்த மாத்திரையால் அந்த இணைத்த இடத்தில் புண் வரும், ஓட்டையே விழலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வேண்டாம். பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிகரெட் இருந்தால் அதையும் விடுங்கள், அதுவும் அதே புண்ணைத்தான் கொண்டுவரும். மெடிக்கலில் ‘வலி மாத்திரை’ என்று கேட்கும்போது, எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்று முதலில் சொல்லுங்கள். இதய பைபாஸ் என்று நினைத்துக்கொள்வார்கள், வயிறு என்று விளக்கிச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி: அண்ணன் மகள் கல்யாணம். ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். பந்தியில் உட்காராவிட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

உட்காருங்கள். இலையில் எல்லாம் விழட்டும், விழுந்ததையெல்லாம் சாப்பிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. முதலில் கறியோ பருப்போ, பிறகு காய், சோறு கடைசியில். பத்து பைசா நாணயம் அளவுக்கு ஒரு வாய், கூழாகும்வரை மெல்லுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். பரிமாறுகிறவர் ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று பணியாரத்தோடு குனிவார். இலை மேல் கையை விரித்து வையுங்கள், நம் ஊரில் அந்தச் சைகை எல்லோருக்கும் புரியும்.

பந்தியைவிட நான் பயப்படுவது கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வரும் முறுக்கு டின்னுக்குத்தான். தேன்குழலும் சீப்புச் சீடையும் வாயில் நொறுங்கி, வயிற்றில் தங்காமல் நழுவிவிடும், நிறைந்த உணர்வே வராது. ஒரு வருடம் கழித்து எடை திரும்ப ஏறி அழுதவர்கள் பலர் கறி சாப்பிட்டு ஏறியவர்கள் இல்லை. டின் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்து ஏறியவர்கள். அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

காரைக்குடி: சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடரலாமா?

கூடாது. சாப்பாடு குறைந்து மாத்திரை குறையாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவீர்கள். நாளைக்கே டாக்டரிடம் போய் அளவை மாற்றி வாங்குங்கள். பிரஷர் மாத்திரைக்கும் இதேதான்.

தேவகோட்டை: கல்யாணமாகி நான்கு வருடம். ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். குழந்தைக்கு முயலலாமா?

12 முதல் 18 மாதம் பொறுங்கள் அம்மா. எடை குறையும்போது மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடும், அதனால் தடுப்பு முறையை மகப்பேறு டாக்டரிடம் கேட்டு வையுங்கள். பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

காரைக்குடி: பைபாஸ் ஆகி எட்டாவது மாதம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்க வேண்டும் என்று வேண்டுதல்.

சர்ஜன் சம்மதித்து, ஹீமோகுளோபினும் பி12-ம் பார்த்து சரியாக இருந்தால் நடங்கள். இப்போதிருந்தே தினமும் நடந்து பழகுங்கள். வழியில் பந்தல்களில் பானகம் கொடுப்பார்கள், அங்கேதான் கவனம். வெறும் வயிற்றில் வெல்லம் இறங்கினால் கால் மணி நேரத்தில் வியர்த்துப் படபடத்து வயிறு முறுக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டும். மோரில் உப்புப் போட்டு வாங்கி, நடந்துகொண்டே சிறு மடக்காகக் குடியுங்கள். விரத நாட்களுக்குப் பொட்டுக்கடலை மாவும், வறுத்த நிலக்கடலையை அரைத்த பொடியும் இடுப்புப் பையில் இருக்கட்டும், மாத்திரையும் அதே பையில். ஆபரேஷன் ஆனவர் என்று கூட நடப்பவர் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள். முருகன் துணை.

புதுவயல்: அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஸ்லீவ் ஆகி ஏழு வாரம். எட்டு நாளாக எது கொடுத்தாலும் வாந்தி. சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். நேற்றிலிருந்து கால் மரத்துப்போகிறது, நடந்தால் தள்ளாடுகிறார். எதற்கும் கேட்கலாம் என்று...

மற்ற கேள்விகளை நிறுத்திவிட்டு இதற்கு வருகிறேன். தங்கை, இப்போதே வண்டி பிடியுங்கள், காலை வரை வேண்டாம். இது பி1 என்கிற தயாமின் குறைபாடாக இருக்கலாம். விட்டால் நரம்பும் மூளையும் கெடும், நேரத்தோடு ஊசி போட்டால் தடுக்கலாம். டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் டாக்டரிடம் இப்படியே சொல்லுங்கள்: ‘எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகி ஏழு வாரம், எட்டு நாளாக வாந்தி, கால் மரத்துத் தள்ளாடுகிறார். தயாமின் போட்ட பிறகு குளுக்கோஸ் ஏற்றுங்கள்.’ குளுக்கோஸ் முதலில் ஏறினால் இருக்கிற கொஞ்சம் பி1-ம் தீர்ந்துவிடும். மறந்துவிடுவீர்கள், ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள்.

புதுவயல்: எழுதிவிட்டேன் அக்கா. அண்ணன் கார் எடுத்து வருகிறார்.

போங்கள். ஊசி போட்டதும் எத்தனை மணியானாலும் சொல்லுங்கள், நான் முழித்திருக்கிறேன்.