வீடியோவுக்கு 44.1 வைக்கவா, 48 வைக்கவா? 24 பிட் உண்மையில் தேவையா?

48, 24 பிட். (48 என்றது ரேட், செக்கனுக்கு ஒலியை 48 ஆயிரம் தடவை அளக்கிறது, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். பிட் என்றது ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமா எழுதுறது என்றது.) பதில் இவ்வளவுதான். கீழே இருப்பது என்ட சொந்தப் புலம்பல், அவசரமெண்டா விட்டிடுங்க.

நீங்க கேட்கிற மாதிரியைப் பார்த்தா கெமரா ஒரு பக்கம், ரெக்கோடர் ஒரு பக்கம் வைத்து எடுக்கிற ஆள் போல. நானும் அப்படித்தான். மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்து, பாட்டும் ஆட்டமுமா விடிய விடிய. ரெக்கோடரில் பழைய செற்றிங், 44.1, 16 பிட், அப்படியே கிடந்திருக்கு. நான் பார்க்கல்ல. விடியச்சாமம் பற்றரி செத்து, கடைசி ஃபைல் மூடாமலே நின்றுட்டு.

வேவ் ஃபைலின் தலைப்பகுதியில்தான் எத்தனை சாம்பிள், எத்தனை பிட் என்ற விபரம் இருக்கும். அது பழுதாப்போனா மிச்சம் வெறும் எண் வரிசை. ஓடாசிட்டி என்ற ஒலி சொஃப்ட்வெயாரில் 'ரோ டேட்டா' என்று திறந்தா விபரத்தை நாமதான் சொல்லவேணும். 24 பிட் கொடுத்தேன், ஒரே இரைச்சல். 16 கொடுத்ததும் மத்தளம் கேட்டுது. அந்தப் புளுகத்தில் ரேட்டை 48 ஆயிரத்தில் விட்டுட்டேன். பிட் பிழைச்சா காது உடனே பிடிச்சிரும். ரேட் பிழைச்சா பாட்டு பாட்டாத்தான் கேட்கும். ஒரு மணித்தியாலம் 55 நிமிடத்தில் முடியும், சுதி முக்கால் கட்டை அளவு ஏறும். படத்தோட ஒட்டல்ல, தருவுக்குத் தரு (கூத்துப் பாட்டு) வெட்டிப் பொருத்தினேன், இடைவெளிக்கு கெமராச் சத்தம். மூன்று இரவு.

கூத்தைப் பழக்கின அண்ணாவியார் கொஞ்ச நேரம் கேட்டார். "மனே, பாட்டு என்ட. குரல் ஆர்ட?"

'ரேட்டை சொஃப்ட்வெயாரே மாத்துமே' என்று எழுத வருவீங்க. தலைப்பகுதி நல்லா இருந்தா மாத்தும், மறுக்கல்ல. 44.1 மட்டம் என்றும் நான் சொல்லல்ல. காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே கேட்காது, அதன் இரு மடங்குக்குச் சற்று மேலே இருந்தாப் போதும். உண்மையில் 44,100 என்ற எண்ணே வீடியோ நாடாவில் பிறந்தது. டிஜிட்டல் ஒலியை அதில் பதிந்த காலத்தில் ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், 294 கோடு, செக்கனுக்கு 50 ஃபீல்ட் (அரைப் படம்). பெருக்கிப் பாருங்க. மறுகா அது சிடியோட போயிட்டு, வீடியோக்காரர் 48இல் நின்றுட்டாங்க.

ஆக மெல்லிய சத்தத்துக்கும் உச்சத்துக்கும் இடையில 16 பிட்டுக்கு 96 டெசிபல் இடம், 24க்குக் கணக்குப்படி 144. அந்த 144ஐ எந்த ரெக்கோடரும் முழுசாத் தராது. ஆனா மத்தளத்துக்கும் சல்லரித் தாளத்துக்கும் பயந்து லெவலைத் தாழ்த்தி எடுத்தாலும், மெல்லப் பாடின இடத்தை மறுகா தைரியமாத் தூக்கலாம். லெவல் மீற்றரின் உச்சமான பூச்சியத்தில் முட்டி உடைஞ்ச அடியை 24உம் காப்பாத்தாது.

இன்னொன்று. கலியாண வீட்டில ட்ரோன் கேட்பாங்க, கல்லடிப் பாலத்துக்கு மேலால விடச் சொல்லுவாங்க, கேட்ட காசும் தருவாங்க. ரெக்கோடருக்கு இன்னொரு சோடி பற்றரிக்குக் காசு கேட்டா மட்டும், "சத்தம் கெமராவிலயே வரும்தானே?" வரும். ஜெனரேற்றர் சத்தமும் வரும்.