அப்பாயியை ஏன் திண்ணைக்கு அனுப்பினீர்கள்?

கேள்வி: என் மகன் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். கணவர் லாரி ஓட்டுகிறார். நான் தையல் கம்பெனிக்குப் போய்வருகிறேன். மாலையில் என் போனில் ஒரு படிப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஸ்பீக்கரை அழுத்தினால் செயலியே கேள்வியைப் படித்துக் காட்டும், அதைக் கேட்டு டக்கென்று பதில் தருவான். பத்துக்கு ஒன்பது வாங்கிவிடுவான். என் மாமியாருக்குக் கண்ணில் புரை. "எனக்குப் படிச்சுக் காட்டுடா சாமி" என்று அவனைத் தொந்தரவு செய்வதால், அந்த நேரத்தில் அவரைத் திண்ணைக்கு அனுப்பிவிடுகிறோம். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையை வாசிக்கச் சொன்னால், மாப்பிள்ளை பெயரைக்கூட எழுத்துக்கூட்ட முடியாமல் விழித்தான். பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் டிவி இருக்கிறது, தினமும் போடுவதில்லையாம். டேப் வாங்க 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். வாங்கிவிடலாமா? இல்லை, ஸ்மார்ட் கிளாஸ் ஒழுங்காக நடக்கும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
- ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: டேப் பற்றியும் பள்ளி பற்றியும் விளக்கமாக எழுதிவிட்டு, மாமியாரைத் திண்ணைக்கு அனுப்பியதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். அவரை எழுப்பி வெளியே உட்காரவைத்துவிட்டு, பையனுக்குப் படிக்க வரவில்லையே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

உங்கள் வீட்டு மாலையை நினைத்துப் பாருங்கள். போன் உங்கள் மகனுக்குப் படித்துக் காட்டுகிறது. அவனுடைய அப்பாயி, அதாவது உங்கள் மாமியார், அவனைப் படித்துக் காட்டச் சொல்கிறார். அவனுக்கு எது தேவையோ அதைத் தொந்தரவு என்று பெயர் வைத்து விலக்கியிருக்கிறீர்கள்.

பத்துக்கு ஒன்பது பொய் இல்லை. எட்டு வருடமாகத் தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளை, கேள்வியைக் கேட்டால் புரிந்துகொள்வான், பதிலும் சொல்வான். அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அந்த மதிப்பெண் அவன் காதுக்குக் கிடைத்தது. கண்ணுக்கும் எழுத்துக்கும் அதில் பங்கே இல்லை. எழுத்தே தெரியாத சின்னக் குழந்தைக்காக வைத்த வசதி அந்த ஸ்பீக்கர். முதல் வகுப்பில் அது உதவி. மூன்றாம் வகுப்பிலும் அதை அழுத்திக்கொண்டே இருந்தால், பிள்ளைக்கு எங்கே தடுக்குகிறது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தமிழில் எங்கே தடுக்கும் என்று எந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலியில் க் முதலில் வருகிறது. 'கொ'வில் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். 'கௌ'வைப் பார்த்தால் 'கெள' என்று பிரித்துப் படிக்கத் தோன்றும். அப்புறம் ல, ள, ழ. இவை ஒவ்வொன்றிலும் பிள்ளை நின்று, தப்பாகச் சொல்லி, திருப்பிச் சொல்லித்தான் தாண்ட வேண்டும். பக்கத்தில் ஒருவர் காத்திருக்கவும் வேண்டும். ஸ்பீக்கர் காத்திருக்காது, அவனுக்குப் பதிலாக அதுவே தாண்டிவிடும்.

அப்பாயிக்கோ புரை. பக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவரால் முடியாது. பிள்ளை தெளிவாகப் படித்தால்தான் அவருக்குக் கதை விளங்கும். விளங்காவிட்டால் "என்னடா சொன்ன, இன்னொருக்கா சொல்லு" என்பார். வாசிக்கப் பழகும் குழந்தைக்கு இதைவிட நல்ல ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?

நான் செயலிகளுக்கு எதிரி இல்லை. 2015-ல் டெல்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளி முடிந்த பிறகு, ஒவ்வொருவரின் நிலைக்கும் ஏற்பக் கேள்வி கேட்கிற மென்பொருளில் படித்தார்கள். நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அங்கே ஒரு வகுப்பு 90 நிமிடம். அதில் 45 நிமிடம்தான் கணினி. மீதி 45 நிமிடம், சிறு குழுவாக உட்காரவைத்து ஓர் ஆள் சொல்லிக் கொடுத்தார். பெரு நாட்டில் வேறு மாதிரி செய்தார்கள். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. கருவி கைக்கு வந்தது, அதை வைத்து என்ன சொல்லிக் கொடுப்பது என்பது கூடவே வரவில்லை.

டேப் வாங்கினால் உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். போனில் அழுத்துகிற ஸ்பீக்கரை இன்னும் பெரிய திரையில் அழுத்துவான்.

பள்ளியை மாற்றும் பேச்சையும் விடுங்கள். டிவி ஓடுகிறதா என்று விசாரித்த நீங்கள், பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்று ஆசிரியரைக் கேட்டதாக எழுதவே இல்லை. எனக்கு அதில்தான் கோபம். அரசுப் பள்ளிகளில் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லிக் கொடுக்க வந்த திட்டம் அது. ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே பாடம் ஒத்துவராது என்பதால்தான் அப்படிப் பிரித்தார்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளைச் செயலியில் மதிப்பிட்டுப் பதிவும் செய்கிறார்கள். வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் உங்கள் மகனுக்கு இன்று உதவக்கூடியது அந்தப் பதிவுதான், சுவரில் தொங்கும் டிவி இல்லை. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு நேரில் போங்கள். "தமிழ் வாசிப்பில் இவன் எங்கே நிற்கிறான், எந்த எழுத்தில் தடுக்குகிறான்" என்று கேளுங்கள். பல வகுப்புகளை ஒருவரே பார்க்கும் பள்ளியாக இருந்தால், அந்த ஆசிரியருக்கு நீங்கள் வந்து கேட்பதே பெரிய உதவி.

வீட்டில் செய்ய வேண்டியது இது. மாலையில் முதல் பதினைந்து நிமிடம் அப்பாயிக்கு. அவனுடைய தமிழ்ப் புத்தகமே போதும். தடுக்கினால் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு போன், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. கேள்வியை வாய்விட்டுப் படித்த பிறகுதான் பதிலைத் தொட வேண்டும். முதல் வாரம் ஒன்பது மூன்றாக இறங்கும். இறங்கட்டும். அந்த மூன்று அவனே படித்து வாங்கியது. வாரம் ஒரு நாள் அவன் படிப்பதைப் பதிவு செய்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வண்டியை ஓரம் கட்டும்போது அவர் கேட்கட்டும். "எத்தனை மார்க்" என்று கேட்பதை விட்டு, "அடுத்த பக்கத்தையும் படிச்சு அனுப்பு" என்று சொல்லட்டும்.

இனி அந்த 15,000 ரூபாய். புரை என்று தெரிந்தும் மாமியாரை ஏன் இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை? எழுதப் படிக்கப் பழகும் பிள்ளைக்குக் கருவி வாங்கப் பணம் சேர்க்கிற வீட்டில், பார்வை மங்கிக்கொண்டே போகும் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை மறைக்கவும் மாட்டேன். பெற்றவளின் கண்ணைப் பார்ப்பது மகனின் கடமை, உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் புரை அறுவையும் உள்ளே வைக்கும் லென்ஸும் இலவசம். செலவு என்று பார்த்தால் பஸ் காசும், நீங்களோ அவரோ எடுக்கும் லீவும்தான். டேப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். பையன் தானாக ஒரு பக்கம் படிக்கிற அன்றைக்கு, அது தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அறுவை முடிந்தால் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து இருக்கும். எந்த நேரத்துக்கு எந்த மருந்து என்று டாக்டர் சொல்வதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நேரத்துக்கு அதைப் படித்துச் சொல்வது பையன் வேலை, சரிபார்த்து மருந்தை விடுவது உங்கள் வேலை.