மகள் டவர் ப்ராஜெக்ட் எடுக்கட்டும், தடுக்காதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்றாம் ஆண்டு இசிஇ படிக்கும் உங்கள் மகள், மொபைல் டவர்களின் மின்செலவைக் குறைப்பதைப் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்படுகிறாள். "அதை விட்டுட்டு ஐடி வேலைக்குத் தயாராகட்டும்" என்கிறீர்கள். பெற்ற மனம் பதறுவது புரிகிறது. ஆனாலும் நான் அவள் பக்கம்தான்.

தியாகராய நகர் மாதிரி நெரிசலான இடத்துக்கு ஒரு டவர் போதாது. சில நூறு மீட்டருக்கு ஒன்று வேண்டும். மாலையில் அத்தனையும் தேவை; விடிகாலை மூன்று மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது, ஆனால் மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். மொபைல் நெட்வொர்க் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்த டவர்களுக்குத்தான், அதிலும் சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருக்குத்தான் போகிறது. 4ஜியில் யாருமே பேசாவிட்டாலும் டவர் இருப்பதைப் போன்களுக்குக் காட்டும் அடையாள சிக்னல் ஒவ்வொரு மில்லிசெகண்டும் போயாக வேண்டும். 5ஜியில் அப்படிப்பட்ட சிக்னலை 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். 160 வரைகூட தள்ளிவைக்க விதியில் இடம் உண்டு. அந்த இடைவெளியில் ஆம்ப்ளிஃபயரை உறங்க வைக்கலாம்.

எந்த டவரை எப்போது உறங்க வைப்பது? அதன் பாரத்தைப் பக்கத்து டவர் தாங்குமா? நள்ளிரவில் ஒருவர் 108-ஐ அழைத்தால் இணைப்பு உடனே கிடைக்குமா? இதற்கெல்லாம் விடை தேடப் பைத்தான் நிரலாக்கமும் புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கும் வேண்டும். நீங்கள் கேட்கும் சாஃப்ட்வேர் படிப்பு இதற்குள்ளேயே இருக்கிறது, அம்மா.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.இ. முடித்ததும் இந்தத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் நுழைவது கடினம். பெங்களூரில் நோக்கியா, எரிக்சன், தேஜஸ் நெட்வொர்க்ஸ் போன்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்களைக் குறிவைத்தால் எம்.டெக். கைகொடுக்கும். அதற்கு கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இப்போதிருந்தே சிக்னல்ஸ், ப்ராபபிலிட்டி இரண்டையும் அழுத்தமாகப் படிக்கட்டும். என்பிடெல் (NPTEL) இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம். கேம்பஸ் இன்டர்வியூவையும் விடவேண்டாம். அங்கே இந்த ப்ராஜெக்ட்டைப் பற்றியே பேசலாம்.

விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்க வேண்டாம். நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே இயக்கிப் பார்க்க உதவும் என்எஸ்-3 என்ற இலவச சிமுலேட்டரில் பத்து டவர்களை வைத்து, இரவில் மூன்றை அணைத்தால் எவ்வளவு மிச்சம், யாருக்கு சிக்னல் கிடைக்காமல் போகிறது என்று கணக்கிட்டாலே நல்ல தொடக்கம். கடைகளில் ரெடிமேடாக விற்கும் ப்ராஜெக்ட்டை மட்டும் வாங்கித் தந்துவிடாதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.