நீளும் ஆயுள் யாருக்கு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுமையைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, இது முழுக்கப் பணக்காரர்களின் ஆசை. அவர்கள் 120 வயது வரை பதவியையும் சொத்தையும் விடாமல் இருப்பார்கள். 1200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? இந்த ஆராய்ச்சியே அறமற்றது என்று நினைக்கிறேன். இன்னொன்று வீட்டு விஷயம். என் அண்ணனுக்கு 58 வயது. சர்க்கரை கிடையாது. யூடியூப் பார்த்துவிட்டு, ஆயுள் கூடும் என்று ஆறு மாதமாகச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 500 மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறார். கேட்டால், “ஊரே போடுற மாத்திரைதானே” என்கிறார். இது சரியா?

க. மு., தென்காசி

அன்புள்ள க. மு.,

அண்ணன் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் முதல் கேள்விக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

மெட்ஃபார்மினுக்கு ‘ஆயுள் மாத்திரை’ என்ற பேர் வர முக்கியக் காரணம் 2014இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், சர்க்கரையே இல்லாதவர்களைவிடக் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்றது அது. கோளாறு கணக்கெடுத்த முறையில் இருந்தது. மெட்ஃபார்மின் போதாமல் வேறு மருந்துக்கோ இன்சுலினுக்கோ மாறியவர்களை, மாறிய நாளோடு கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோய் முற்றியவர்கள் வெளியே போய்விட்டால் மிஞ்சுகிறவர்கள் திடமானவர்கள்தானே? 2022இல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து இதே ஒப்பீட்டை மறுபடி செய்தார்கள். மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் இறப்பு விகிதம் சர்க்கரை இல்லாதவர்களைவிட அதிகமாகவே இருந்தது. அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு மருந்தையும் மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறது. அங்கும் மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்து ஆயுள் சொல்லும்படி நீளவில்லை. ராபமைசின் நீட்டியது. மனிதக் கணக்கில் சுமார் 60 வயதுக்கு ஒப்பான எலிகளுக்குக் கொடுத்தும் ஆணுக்கு 9 சதவீதம், பெண்ணுக்கு 14 சதவீதம் கூடியது. ஆனால் அது சிறுநீரக மாற்று அறுவை முடிந்தவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மருந்து. வாய்ப்புண், தொற்று, புண் ஆறாமை எல்லாம் கூடவே வரும். அண்ணன் அடுத்து அதற்குத் தாவிவிடக் கூடாது.

நஷ்டக் கணக்கும் உண்டு. 65 வயதைத் தாண்டிய, சர்க்கரை இல்லாதவர்களுக்கு 14 வாரம் எடைப் பயிற்சி கொடுத்த ஆய்வொன்று 2019இல் வந்தது. மெட்ஃபார்மினும் சேர்த்து எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே ஏறியது. வயதான காலத்தில் விழாமல் நிற்க வைப்பது தசை. அதை விட்டுக்கொடுத்து எந்த ஆயுளை வாங்குவது? பல வருடம் தொடர்ந்து போட்டால் வைட்டமின் பி12 குறைந்து கால் மரத்துப்போகலாம். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் அது இன்னும் சீக்கிரம் வரும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்குகிற ஆபத்து அரிதாக உண்டு.

அண்ணன் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி மூன்று பரிசோதனைகள் செய்துகொள்ளட்டும்: ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), பி12. ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே என்றால் அவருக்கு அந்த மாத்திரை தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்தும் அல்ல. 5.7 முதல் 6.4 வரை, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், இருந்தால் அது வேறு பேச்சு, டாக்டர் முடிவு செய்வார்.

இனி உங்கள் முதல் கேள்வி. மெட்ஃபார்மினை முறையாகச் சோதிக்க ஒரு திட்டம் உண்டு, பெயர் ‘டேம்’. நியூயார்க்கைச் சேர்ந்த முதுமை ஆய்வாளர் நிர் பார்சிலாய் முன்னின்று நடத்துவது. சர்க்கரை இல்லாத, 65 முதல் 79 வயதுக்குட்பட்ட 3000 பேரை ஆறு ஆண்டுகள் கவனித்து, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய், மரணம் எல்லாம் சேர்ந்து தள்ளிப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புடன் 2015இலேயே பேசியாயிற்று. ஆனால் பணத்துக்காகத்தான் ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். காப்புரிமை எப்போதோ முடிந்த மாத்திரை அது, சோதித்து யாருக்கும் லாபமில்லை. அதே சமயம் 2022இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற தனியார் நிறுவனம் செல்களின் முதுமையைத் திருப்பும் ஆராய்ச்சிக்காக 300 கோடி டாலரோடு கடை திறந்தது. ஏழைக்கு எட்டும் மருந்து சோதிக்கப்படாமலும், எட்டாத மருந்து பணம் கொட்டி வளர்க்கப்பட்டும் வருகிறது. நீங்கள் சொல்லும் அநீதி நிஜம். அது இருப்பது இந்த ஏற்பாட்டில். ஆராய்ச்சியை நிறுத்தினால் தனியார் பணம் நிற்காது, பொதுப் பணம்தான் நிற்கும்.

பணக்காரருக்கு மட்டும் என்று தொடங்கியது அப்படியே நின்றுவிடுவதில்லை என்பதற்கு எச்ஐவி மருந்து சாட்சி. 1996இல் கூட்டு மருந்து வந்தபோது ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001இல் நம் நாட்டு மருந்துக் கம்பெனியான சிப்லா அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதைச் சாத்தியமாக்கியது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். மருந்தைத் தயாரிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது என்றது அது. 2005இல் அந்த வசதி போயிற்று. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு மட்டும் இன்னும் இருக்கிறது. நாளைக்கு ஆயுள் மருந்து உங்கள் ஊர் மெடிக்கலில் என்ன விலைக்கு விற்கும் என்பதை முடிவு செய்யப்போவது இந்த மாதிரிப் பிரிவுகள்தான்.

120 வயது என்ற பேச்சு ஆளை மிரட்டுகிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் கேட்பது அவ்வளவு இல்லை. முப்பது வயதைத் தாண்டியபின் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. அதனால்தான் புற்றுநோயை அடியோடு ஒழித்தாலும் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு அளவில்தான் கூடும், அதே உடம்பை இதயமோ மூளையோ அடுத்துப் பிடித்துக்கொள்ளும். முதுமையையே எட்டு ஆண்டு தள்ளினால் எழுபது வயதுக்காரருக்கு அறுபத்திரண்டின் ஆபத்துதான் இருக்கும். எல்லா நோய்களும் ஒருசேரப் பாதியாகும். கூலி வேலை செய்து ஐம்பத்தைந்திலேயே முட்டி தேய்ந்தவருக்கு இது பணக்காரரைவிட அதிகம் தேவை.

பதவி பற்றிய உங்கள் பயத்துக்கு மருந்து பதவிக்கால வரம்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆயுட்காலப் பதவி ஏற்கெனவே இருக்கிறது, எந்த மாத்திரையும் வராமலே.

நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகும் இடம் பராமரிப்பு. ஜப்பான் 2000இலேயே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தது. 40 வயதிலிருந்து எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். முடியாமல் போனால் ஆள் வந்து பார்த்து ஏழு நிலைகளில் ஒன்றில் சேர்ப்பார். குளிப்பாட்ட, எழுப்பி உட்காரவைக்க வருகிறவரின் செலவில் பெரும்பாலானோர் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். இங்கே நீங்கள் சொன்ன 1200 ரூபாயில், மத்திய அரசின் திட்டத்திலிருந்து வருவது 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 ஆனால் 500. மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறது, படுத்தவருக்கு வலி தணிப்பும் பிசியோதெரபியும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப்போடுவது இன்னும் வீட்டில் இருக்கும் மகளோ மருமகளோதான், சம்பளமில்லாமல், பல வீடுகளில் பார்த்த வேலையையும் விட்டுவிட்டு. அவர்களுக்கான காப்பீட்டை எந்த ஆயுள் மாத்திரைக்கும் காத்திராமல் இப்போதே கேட்க வேண்டும்.