தாத்தாவைக் கேளுங்கள்

கேள்வி: 1965இல் பிரிட்டன் இனப்பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டதற்கு ஃபென்னர் பிராக்வே என்ற பின்வரிசை எம்.பி.தான் காரணம் என்கிறான், லண்டனில் படிக்கும் என் பேரன். அமைச்சர் பதவியே இல்லாதவரால் அப்படி என்ன செய்திருக்க முடியும்?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: பேரன் சொல்வது முக்கால்வாசி சரிதான், அம்மா.

என் அப்பா இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் கடற்கரையில், வெள்ளைக்காரர்களுக்கான ஒரு ஹோட்டலில் வெயிட்டர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டை ராத்திரியே பெட்டி போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். அந்த ஹோட்டலில் ஆயிரம் பேருக்கு டீ ஊற்றியிருக்கிறார். உட்கார்ந்து ஒரு கப் குடிக்க முடியாது. விருந்தாளிகள் விட்டுப்போகும் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்படி வந்த ஒன்றில்தான் பிராக்வேயின் பெயரை நான் முதலில் பார்த்தேன். நிறத்தைக் காட்டி ஹோட்டலில் இடம் மறுப்பதைத் தடைசெய்ய யாரோ ஒரு வெள்ளைக்காரர் மசோதா கொண்டுவந்தார் என்று அரை விரல் அளவுக்கு ஒரு செய்தி.

அவர் ஈட்டன்–ஸ்லவ் தொகுதி எம்.பி., தொழிற்கட்சி. பின்வரிசைக்காரருக்கு அங்கே உள்ள வழிகளில் ஒன்று, பத்து நிமிட விதி. பத்து நிமிடம் பேசி மசோதா கொண்டுவர அனுமதி கேட்கலாம். எதிர்ப்பவருக்கும் பத்து நிமிடம். அனுமதி கிடைத்தாலும் அரசு நேரம் ஒதுக்காது. மசோதா வெள்ளிக்கிழமை வரிசையில் கடைசியில் நிற்கும். பொழுது முடிந்தபின் அதன் பெயரை வாசிக்கையில் யாராவது ஒருவர் ‘ஆட்சேபணை’ என்றால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான்.

1956 முதல் 1964 வரை ஒன்பது முறை முயன்றார். "மறுபடியும் போட்டுட்டாரா மனுஷன்?" என்று அப்பா சிரிப்பார். சட்டத்தால் மனசை மாற்ற முடியாது என்பது அன்றைய கன்சர்வேடிவ் அரசின் வாதம். எங்களைப் பிரித்துவைக்க 1953இல் இங்கே போட்ட சட்டம் மட்டும் நன்றாகவே வேலை செய்தது!

1964 தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்தது. பிராக்வே தோற்றார், 11 ஓட்டில். "நம்ம வீட்டுப் பந்தியிலேயே அதுக்கு மேல உட்காருவாங்களே" என்றார் அப்பா. பிராக்வேயைப் பிரபுக்கள் சபைக்கு, அதாவது நாடாளுமன்ற மேலவைக்கு, அனுப்பினார்கள். அடுத்த வருஷம் சட்டம் வந்தது. ஹோட்டல், சினிமா, பஸ் அதில் அடக்கம். வீடும் வேலையும் இல்லை. அவை 1968இல்தான் சேர்ந்தன. ஆகவே உங்கள் பேரனிடம் சொல்லுங்கள்: சட்டம் போட்டது அரசு. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே கதவைத் தட்ட ஆரம்பித்தவர் இவர்.

கேள்வி: உயிரோடு இருக்கும்போதே பிராக்வேக்குச் சிலை வைத்தார்களாமே?
– வாசகர், டோங்காட்

பதில்: ஆமாம். 1985இல், லண்டன் ரெட் லயன் சதுக்கத்தில். நம் ஊர்க்காரர்களாக இருந்தால் கண்ணேறு படும் என்று தடுத்திருப்பார்கள். 1888இல் கல்கத்தாவில் பிறந்தவர், 1988 ஏப்ரலில் போனார். நூறுக்கு ஆறு மாதம் பாக்கி.